மூன்றாம் பக்கத்துத் தங்கை

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குத் திரைக்கதை எழுதுதல் என்றொரு விருப்பப்பாடம் உண்டு. தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்கிற காலத்தில், சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம் என்று ஏதாவது ஒரு கதவு திறக்கட்டுமே என்று சேர்த்த பாடம். சங்க அகப்பாடல்களில் ஆய்வுசெய்து பட்டம் வாங்கிய என்னிடம் அது வந்து சேர்ந்ததற்குக் காரணம், துறையில் மற்ற எல்லோரும் வேண்டாம் என்று சொன்னதுதான். கவிதை எழுதுகிறவள்தானே, இதுவும் வரும் என்று முடிவுசெய்துவிட்டார்கள்.

பருவ இறுதியில் ஒவ்வொருத்தியும் இருபது பக்கத்துக்கு ஒரு குறும்படத் திரைக்கதை எழுதித் தரவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுதித் தந்தது ஒரு அம்மாவும் மகளும் பற்றியது. அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய பழைய ஸ்கூட்டி வீட்டு வாசலில் நிற்கிறது. தையல் கம்பெனிக்குப் போகும் அம்மா, அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைத்துப் போய்ச் சொல்லித் தருகிறாள். முதல் வாரம் இருவருக்கும் ஒரே சிரிப்பு. இரண்டாம் வாரம் அம்மா நேராக ஓட்டிவிடுகிறாள். ஓட்டிக்கொண்டே, “இனிமே ஒன்ன காலேஜ்ல நானே கொண்டுவிட்டு நானே கூட்டியாந்துருவேன்” என்கிறாள்.

மகள் தினமும் நாற்பது நிமிடம் பேருந்தில் போகிறவள். அந்த நாற்பது நிமிடத்தில் காதலன் யாரும் இல்லை, ரகசியம் எதுவும் இல்லை. சன்னலோர இருக்கை மட்டும்தான். அந்த நாளிலேயே யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிராத நேரம் அதுதான். மூன்றாம் ஞாயிறு அவள் கொஞ்சம் மோசமாகச் சொல்லித் தருகிறாள். திருப்பத்தில் எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். அம்மா விழுகிறாள், முழங்காலில் சிராய்ப்பு. மண்ணைத் தட்டிக்கொண்டு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

நான் சிவப்பு மையில் எழுதினேன்: “நடை நன்று. முரண் போதவில்லை. கதை எங்கும் நகரவில்லை.”

பத்து நாள் கழித்துத் திருத்திய வடிவம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அந்த மகள் கல்லூரியிலிருந்து வரும்போது நான்கு பேர் அவளைத் தூக்கிப்போகிறார்கள். மீதிப் பதினேழு பக்கமும் வளைகுடாவிலிருந்து திரும்பி வரும் அண்ணனுக்குச் சொந்தம். அம்மாவுக்கு நான்கு வசனம், நான்கும் மருத்துவமனை நடைகூடத்தில் அழுதுகொண்டே பேசுபவை. மகள் அதன்பின் கண்ணைத் திறக்கவே இல்லை. முதல் வடிவத்திலிருந்து மிச்சமிருந்தது ஸ்கூட்டி மட்டும்தான். அதை அண்ணன் ஓட்டிக்கொண்டு வில்லனைத் தேடிப் போனான்.

“இப்ப முரண் இருக்குல்லம்மா?” என்று கேட்டாள். எங்கள் துறையில் பெண் ஆசிரியரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்றிரவு அந்த ஆண்டுக் கட்டையெல்லாம் மறுபடி எடுத்துவைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட கதைகள் யாரோ ஒரு பெண்ணின் உடம்புக்கு நேர்ந்த ஏதோ ஒன்றில்தான் தொடங்கின. தங்கை, காதலி, மனைவி, சில சமயம் பக்கத்து வீட்டுச் சிறுமி. எழுதியவர்கள் எல்லோரும் பெண்கள். மகளிர் கல்லூரி. எவளுக்கும் பெண் மேல் வெறுப்பில்லை. ‘கதை நகர வேண்டும்’ என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையை நகர்த்த அவர்கள் பார்த்து வளர்ந்த சினிமா கொடுத்திருந்த ஒரே நெம்புகோல் அதுதான்.

இந்த நெம்புகோலுக்கு ஆங்கிலப் படக்கதை உலகில் ஒரு பெயர் உண்டு. ‘கிரீன் லான்டர்ன்’ என்ற படக்கதைத் தொடரில் நாயகன் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அவன் காதலி கொல்லப்பட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் கிடப்பாள். 1999இல் கெயில் சிமோன், இப்படி ஆண்களின் கதையைத் தொடங்கிவைப்பதற்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, அதிகாரம் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு, ‘குளிர்பதனப் பெட்டிப் பெண்கள்’ என்று பெயர் வைத்தார். பிறகு அவரே புகழ்பெற்ற படக்கதை எழுத்தாளர் ஆனார். நம் ஊரில் பட்டியல் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் கயல்விழி எவ்வளவு அழகாக அறிமுகமாகிறாள்! பேருந்தில் பேச்சு, திருமணம், ஒரு பாட்டு. பிறகு அவள் கொல்லப்படுகிறாள். அவளுக்கென்று ஒரு விருப்பம், ஒரு தயக்கம், ஒரு பிடிவாதம் எதுவும் நமக்குத் தெரியவருவதற்குள் அவள் நாயகனின் துயரம் ஆகிவிடுகிறாள். அதே இயக்குநரின் ‘காக்க காக்க’ (2003) மாயாவுக்கும் அதே கதிதான். பாட்டுகள் நன்றாக இருந்ததால் நாம் கவனிக்கவில்லை.

‘மகாநதி’யை (1994) இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் சேர்க்க வேண்டும். கல்கத்தாவின் சோனாகச்சியில் தன் மகளைக் கண்டுபிடிக்கிற தகப்பனின் காட்சியை நான் இன்றைக்கும் முழுதாகப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பெண் தூக்கத்தில் உளறும் இடம் தமிழ்த் திரைக்கதையின் மிகக் கொடிய, மிக நேர்மையான இடங்களில் ஒன்று. ஆனால் அங்கேயும் காமிரா யாருடைய முகத்தில் நிற்கிறது? கேட்டுத் துடிக்கும் அப்பாவின் முகத்தில். காவேரி அந்த ஆண்டுகளில் என்ன நினைத்தாள், யாரோடு சண்டையிட்டாள், எதற்கு ஒத்துக்கொண்டாள், எதற்கு மறுத்தாள் என்பது திரைக்கதைக்கு வெளியே நிற்கிறது. தூக்கத்தில்தான் அவளுக்கு வசனம். இத்தனை நல்ல படத்திலும்!

என் மாணவிகள் திரைக்கதை பற்றி முதலில் வாசிப்பது பெரும்பாலும் சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ நூலைத்தான். அதன் வழியாக அமெரிக்கரான சிட் ஃபீல்டு 1979இல் எழுதிய நூலின் மூன்றங்கப் பாடம் வந்து சேர்கிறது. நாயகனுக்கு ஒரு தேவை, அதற்கு ஒரு தடை, தடையை மீறும் முயற்சி, முடிவு. இதில் தவறு ஒன்றுமில்லை. எத்தனையோ நல்ல படங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்த எலும்பு இருக்கும். தவறு நாம் மொழிபெயர்த்துக்கொண்ட விதத்தில் நடக்கிறது. தேவை என்பதை லட்சியம் என்று படிக்கிறோம். தடை என்பதை எதிரி என்று படிக்கிறோம். எதிரி என்றவுடன் மீசை வந்துவிடுகிறது. அந்த மீசைக்கும் நாயகனுக்கும் இடையே சண்டை மூட்ட ஒரு காரணம் வேண்டும். அங்கேதான் மூன்றாம் பக்கத்துத் தங்கைக்கு வேலை வருகிறது.

நான் சிவப்பு மையில் எழுதிய சொல் ‘முரண்’. யாப்பு படித்தவள் நான், அந்தச் சொல்லை இவ்வளவு அலட்சியமாக எழுதியிருக்கக் கூடாது. முரண் என்பது செய்யுளில் ஒரு தொடை. ஒன்றுக்கொன்று எதிரான சொற்களை, எதிரான பொருள்களைப் பூத் தொடுப்பதுபோல் அடுத்தடுத்துத் தொடுப்பது. கருமையும் வெண்மையும் ஒரே நாரில் நிற்கும். ஒன்று மற்றொன்றைத் தோற்கடிப்பதில்லை. தோற்கடித்துவிட்டால் தொடை அறுந்துவிடும். மோதல் வேறு, முரண் வேறு. மோதலுக்கு ஒரு முடிவு உண்டு. முரணோடு வாழத்தான் வேண்டும். அந்த மாணவி எழுதிய மகள், அம்மா கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் விரும்புகிறாள், கற்றுக்கொள்ளக் கூடாது என்றும் விரும்புகிறாள். இரண்டும் ஒரே நாரில். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். தொடை இலக்கணத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதும்போது அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். அதற்கு அவர் காட்டுகிற உவமை போர்க்களத்திலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வருகிறது. உழுத நிலத்தில் வித்து முளைக்கிறது, இலை விடுகிறது, கருக்கொள்கிறது, விளைகிறது, அறுத்து உண்கிறோம். இந்தக் கணக்கில் கதை நகர்வது என்றால் யாரோ யாரையோ அடிப்பது அல்ல, முன்பே உள்ளே கிடந்த ஒன்று முளைத்து வெளியே வருவது. இதை நான் ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். நம் மரபில் எல்லாம் இருக்கிறது என்று பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரியும். பயிரும் சும்மா வளர்வதில்லை, களையும் பூச்சியும் தண்ணீர்த் தகராறும் இல்லாத வயல் எது? ஆனால் என் சிவப்பு மைக்கு முன்னால் இந்த உவமை நினைவுக்கு வந்திருந்தால், அந்த மைதானத்தில் என்ன முளைக்கிறது என்றாவது பார்த்திருப்பேன்.

அடுத்த ஆண்டு வகுப்பில் முதல் வாரமே பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தைப் போட்டேன். மாணவிகள் முதலில் நெளிந்தார்கள். பாட்டில்லை, சண்டையில்லை, காதலர்களுக்கு நடுவே யாரும் வருவதில்லை. சுதா அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரான தாத்தா, படிக்கும் தங்கை. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். வாடகைக்கு வேறு வீடு கிடைப்பதில்லை. இருக்கும் நிலத்தில் சொந்தமாக ஒன்று கட்டிவிடலாமே என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் யோசனை சொல்கிறார். மீதிப் படம் முழுக்க வீடு கட்டுவதுதான். கடன், அனுமதி, மழை, செங்கல், சிமெண்ட்.

அரை மணி நேரத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. ஒப்பந்தக்காரர் சிமெண்ட் மூட்டைகளைத் திருட்டுத்தனமாக விற்கிறார் என்பதை அங்கே வேலை செய்யும் சித்தாள் பெண் (‘பசி’ சத்யா) எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கும்போது, பின்வரிசையில் ஒருத்தி கை தட்டினாள். சில மூட்டை சிமெண்ட்! உலகத்தைக் காப்பாற்றும் படங்களில்கூட எனக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை. காரணம் எளிதுதான். அந்த மூட்டைகளின் விலை நமக்குத் தெரியும். சுதா எதை விற்று, யாரிடம் கேட்டு, எந்தக் கூச்சத்தை விழுங்கி அந்தப் பணத்தைக் கொண்டுவந்தாள் என்பதைத் திரைக்கதை ஒவ்வொரு ரூபாயாக நம் கையில் எண்ணிக் கொடுத்திருக்கிறது. பணயம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதை நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். பணயம் அவளுக்குப் பெரிதாக இருந்தால் போதும்.

அந்தத் திருட்டு ஒப்பந்தக்காரரையும் சேர்த்தே சொல்கிறேன், படத்தில் வில்லன் இல்லை. அவர் போனபின்னும் வீடு எளிதாக எழுந்துவிடுவதில்லை. காலிசெய்யச் சொல்லும் வீட்டுக்காரருக்கு அவர் வீடு வேண்டும், அவ்வளவுதான். தடுக்கிறவர்களுக்கும் ஒரு காரணம் இருப்பதால்தான் சுதாவால் யாரையும் அடித்து வெல்ல முடியவில்லை. பெண்களின் வாழ்க்கையில் பெரும்பாலான தடைகள் இப்படித்தான் வருகின்றன. மரியாதையாக, காகிதத்தில், வணக்கம் சொல்லிக்கொண்டு.

பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா குடையோடு தனியாகக் கிளம்பி வரும் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். சொக்கலிங்க பாகவதர் அந்தப் பூசாத சுவரைத் தடவுவதைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அவர் திரும்பும் வழியில் இறந்துபோகிறார். நான் சொல்ல விரும்புவது அதன்பின் வருவதை. வீடு ஒருவழியாக எழுந்து நிற்கும்போது குடிநீர் வாரிய அலுவலர் வந்து, இந்த நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்கிறார். கட்ட அனுமதி கொடுத்ததும் அரசு, கட்டியது செல்லாது என்பதும் அரசு. படம் தீர்ப்பில்லாமல் முடிகிறது. இந்த முடிவு திடீரென்று வந்து விழுகிறது, திரைக்கதை இலக்கணப்படி தவறு என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. ஆனால் அது வெளியிலிருந்து வந்த இடி அல்ல என்பது என் எண்ணம். முதல் காட்சியிலிருந்தே சுதா பிறர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் வந்ததும் இன்னொரு கையெழுத்துதான்.

இந்தப் படத்தின் கதை அகிலா மகேந்திராவினுடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாலு மகேந்திராவின் மனைவி. சிறுவயதில் தங்கள் வீடு கட்டப்பட்டபோது தன் அம்மா எப்படி மாறிப்போனார் என்பதைப் பார்த்த அனுபவம் இந்தப் படத்தில் இருக்கிறது என்று இயக்குநரும் சொல்லியிருக்கிறார். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நாம் ‘பாலு மகேந்திராவின் வீடு’ என்கிறோம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். இரண்டு பெண்கள் அஸ்திவாரத்துக்குள் நிற்கிறார்கள்.

‘அவள் அப்படித்தான்’ (1978) பற்றியும் மாணவிகள் கேட்பார்கள். ருத்ரய்யாவின் படம், ஸ்ரீபிரியாவின் மஞ்சு. தமிழில் உள்முரண் கொண்ட பெண் பாத்திரம் என்றால் முதலில் வருகிற பெயர். எனக்கு அந்தப் படத்தின் மேல் பிரியம் உண்டு, ஒரு குறையும் உண்டு. மஞ்சுவின் கோபத்துக்கு ஒரு மருத்துவக் குறிப்பு தேவைப்படுகிறது: அம்மாவின் நடத்தை, ஏமாற்றிய ஆண்கள் என்று அவளுடைய கடந்த காலம் அருணிடம் விவரிக்கப்படுகிறது. ஆண் பாத்திரம் கோபக்காரனாக இருந்தால் அவன் குணம் அது. பெண் கோபப்பட்டால் யாரோ அவளைக் காயப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு காயமும் இல்லாமல், வெறுமனே ஒன்றை வேண்டி, இன்னொன்றையும் வேண்டி நிற்கிற பெண்ணைத் திரைக்கதை ஏன் நம்ப மறுக்கிறது? பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த மகளுக்கு என்ன காயம்? நான் முரண் போதவில்லை என்று எழுதியதற்குப் பின்னாலும் இந்த எதிர்பார்ப்புதான் இருந்திருக்கும்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) வந்தபோது இதையெல்லாம் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது. கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. மீனாவுக்கு வேறு சாதிப் பையன் மேல் காதல். அவளுக்கு முறைமாமன் பாண்டியோடு திருமணம் என்று முடிவாகியிருக்கிறது. பேய் பிடித்திருக்கிறது, மருந்து வைத்துவிட்டார்கள் என்று குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. கூடவே காணிக்கைக்கு ஒரு சேவல். படம் முழுக்க அந்தப் பயணம்தான். பின்னணி இசை கிடையாது. மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை.

அகப்பாடல் படித்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த கதை. பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது. அம்மா கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைக்கிறாள். ஆட்டுக்குட்டியை அறுத்து வெறியாட்டு நடக்கிறது. பெண்ணின் நோய் முருகனால் வந்ததல்ல, மலைநாட்டுக்காரன் ஒருவனால் வந்தது என்பது அவளுக்கும் தோழிக்கும் மட்டும் தெரியும். இந்தச் சூழலைப் பாடியதாலேயே பெயர் பெற்ற ஒரு பெண்பாற் புலவர் இருக்கிறார்: வெறிபாடிய காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்றுப் பாட்டொன்றில், வெறியாடி முடிந்த இரவில் காதலன் ரகசியமாக வந்துபோகிறான். நோய் தீர்கிறது. பெருமை வேலனுக்குப் போகிறது, ஆடு வீணாகச் செத்தது, அவள் சிரிக்கிறாள். இன்னொன்றில், வெறியாடியபின் பழைய அழகு திரும்பினாலும் ஆபத்து, திரும்பாவிட்டாலும் ஆபத்து என்று அவள் தனக்குள் கணக்குப் போடுகிறாள். முரண் என்று நான் சிவப்பு மையில் கேட்டது இதைத்தான். ஒரு பெண் எழுதி எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது.

‘கொட்டுக்காளி’யில் வெறியாட்டு அப்படியே இருக்கிறது, இரண்டு மாற்றங்களோடு. ஒன்று, இங்கே அம்மாவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு இருப்பது காதல்தான், பேய் அல்ல என்று அந்த ஆட்டோவில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள் தெரியும். தெரிந்துகொண்டே பேய் என்கிறார்கள். சாதியைப் பேச வேண்டியதில்லை அல்லவா? இரண்டாவது மாற்றம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது: தோழி இல்லை. அகப்பாடலில் எந்த நெருக்கடியிலும் தலைவிக்காக வாய் திறக்க ஒருத்தி இருப்பாள். செவிலியிடம் உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்பது அவள் வேலை. ஆட்டோவில் மீனாவைச் சுற்றி எத்தனை பெண்கள்! அம்மா, அத்தைமார்கள், நாத்தனார்கள். ஒருத்திகூடத் தோழி இல்லை. அந்த வெற்றிடம்தான் படத்தின் முரண். மீனா ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அவள் யாரிடம் பேசுவாள்?

இடையில் எங்கோ ஒலிபெருக்கியில் வரும் பாட்டை அவள் தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள். பாண்டி வெடிக்கிறான். அவளை அடிக்கிறான், தடுக்க வந்த எல்லோரையும் அடிக்கிறான். சாதாரணத் திரைக்கதையில் இந்த அடி கதையின் தொடக்கமாக இருந்திருக்கும், பிறகு யாரோ ஒரு ஆண் வந்து பழிவாங்கியிருப்பான். இங்கே அடி வாங்கியவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வழியை மறித்து நிற்கும் ஒரு காளையை ஆண்கள் என்ன செய்தும் நகர்த்த முடியாமல் நிற்கும்போது, சிறுமி ஒருத்தி வந்து சர்வசாதாரணமாக அழைத்துப் போகிற காட்சியை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டதுபோல் இருந்தது. மாணவிகளுக்குப் பிடித்தது.

கடைசியில் சாமியாடி வேறொரு பெண்ணை என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. மீனாவை உள்ளே அனுப்புவானா என்பது தெரியாமலே படம் முடிகிறது. இந்த முடிவைப் பற்றி எனக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஒருபுறம், தீர்மானம் மறுபடி ஆணின் கைக்கே போய்விட்டது. கடைசி முரண் அவனுடையது, அவளுடையதல்ல. இன்னொருபுறம், படம் முழுக்க அவள் ஒரு சொல்லும் செலவழிக்காமல் தன் சுமையை அவன் தலைக்கு மாற்றிவிட்டாள் என்றும் படிக்கலாம். வகுப்பில் இரண்டையும் சொல்கிறேன். எது சரி என்று கேட்டால், பார்த்த நாளைப் பொறுத்தது என்கிறேன்.

ஜியோ பேபியின் மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) இந்தப் பாடத்துக்கு எளிதான உதாரணம் என்பதால் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒழுகும் குழாய், அதைச் சரிசெய்ய ஆள் வரச் சொல்லும்படி கணவனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, அவன் திரும்பத் திரும்ப மறப்பது. ஒரே செயல் பத்து முறை நடந்தால் பத்தாவது முறை அது வேறு செயல் என்பதைத் திரைக்கதை எழுதுகிறவர்கள் அதில் கற்றுக்கொள்ளலாம். சமையலறையில் நிற்கிறவர்களுக்கு முன்பே தெரியும்.

இப்போதெல்லாம் மாணவிகள் கொண்டுவரும் கதையில் முரண் இல்லை என்று தோன்றினால் அதை எழுதுவதற்கு முன் சில கேள்விகளை என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். இவள் என்ன வேண்டுகிறாள்? அது கிடைத்துவிட்டால் எதை இழப்பாள்? எதிரே நிற்பவருக்கும் நியாயம் இருக்கிறதா? கதையில் ஒரு பெண்ணின் உடம்புக்கு ஏதாவது நேர்ந்தால், அடுத்த பக்கத்தில் காமிரா அவளோடு இருக்கிறதா, இல்லை வேறு யாரோடாவது கிளம்பிப் போய்விட்டதா? வன்முறையை எழுதாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நடக்கிறதை எழுதாமல் எப்படி இருப்பது? ஆனால் எழுதினால் அவளை விட்டுவிட்டுப் போகாதே என்கிறேன்.

அந்த மாணவி படிப்பை முடித்து ஓராண்டு கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தாள். நிறுத்திவைத்துக் கேட்டேன், அந்த முதல் வடிவம் இருக்கிறதா என்று.

“இல்லம்மா. போன்லதான் டைப் பண்ணேன். அதுலயே மாத்தி எழுதிட்டேன்.”

“நான் எழுதினது தப்பு. அது நல்ல கதை.”

அவள் கொஞ்சம் சங்கடப்பட்டாள். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. “மார்க்கு நல்லாதானம்மா போட்டிருந்தீங்க ரெண்டாவதுக்கு” என்றாள். அது உண்மை. போட்டிருந்தேன்.

பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். வழியில் கேட்டேன், அந்த மகள் வேண்டுமென்றே பிரேக்கைச் சொல்லித் தரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியுமா? கதையில் அது தெளிவாக இல்லையே.

யோசித்தாள். “தெரியும்னுதான் நெனைக்கிறேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம அவங்கதான் மொதல்ல கெளம்பி நின்னாங்க.”

“அந்தக் காட்சியை நீ எழுதவே இல்லையே?”

அவள் சிரித்தாள். பேருந்து வந்துவிட்டது. ஏறியவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சன்னலோரம் ஓர் இடம் பிடித்தாள்.